ஏழாவது கால்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். குளித்தான். சட்டையை முன்பக்கம் மட்டும் இஸ்திரி போட்டான். பின்பக்கம் எப்படியும் நாற்காலியில் கசங்கப் போகிறது. மாமியாருக்குத் தேநீர் போட்டு மூடி வைத்தான். திருத்திய விடைத்தாள்களைப் பையில் வைத்தான். கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினான். நான்காவது தெருவில் ஒரு கடையின் ஷட்டரைத் தூக்கி, மேசை விளக்கைப் போட்டு, மைத்துனி வந்ததும் அங்கிருந்து நடந்தால் பள்ளியின் முதல் மணிக்குப் பத்து நிமிடம் மிச்சமிருக்கும். மூன்று மாதமாக இதே வரிசை.

அன்று ஷட்டர் முன்னால் ஓர் அம்மாள் நின்றிருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கையில் துணியில் சுற்றிய பொட்டலம்.

“நீங்கதான் அந்தம்மா வீட்டுக்காரரா?”

“ஆமா.”

“துக்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு மூணு மாசம் பொறுத்தேன், மன்னிச்சுக்குங்க. உங்க வீட்டம்மா கை வெச்சா பொருள் திரும்பி வராதுன்னு நாலு பேர் சொல்லித்தான் இந்தக் கடைக்கு வந்தேன். இதோ, வந்துடுச்சு.”

பொட்டலத்தைப் பிரித்தார். தையல் மெஷினின் மோட்டாரை ஓட்டும் சர்க்யூட் போர்டு. இரண்டு உள்ளங்கை சேர்த்த அகலம், பச்சை நிறம்.

“அரை மணி நேரம் குதிரை மாதிரி ஓடுது. அப்புறம் கழுதை மாதிரி நின்னுடுது. ஆறவிட்டா மறுபடி குதிரை. நான் துணி தைக்கிறதா, இதுக்கு விசிறி விடறதா?”

அவன் வாங்கிக்கொண்டான். எட்டு வருடமாகப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். ஆனால் அந்த போர்டை அவன் பிடித்த விதம், தலை நிற்காத குழந்தையை முதல் தடவை கையில் வாங்கும் ஆளைப் போல இருந்தது.

கடை அவன் மனைவியும் அவள் தங்கையும் நடத்தியது. சர்க்யூட் போர்டு பழுது பார்ப்பது மட்டும்தான் வேலை. சுவரில் மூன்று தட்டுகள். முதல் தட்டில் ‘வந்தவை’ என்று எழுதி ஒட்டியிருக்கும். இரண்டாவதில் ‘முடிந்தவை.’ மூன்றாவதில் ‘திரும்பி வந்தவை.’ அந்த மூன்றாவது தட்டில் மனைவி தன் சாப்பாட்டு டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் வைப்பாள். ஆறு வருடத்தில் அங்கே வேறெதுவும் உட்கார்ந்ததில்லை. வாடிக்கையாளர் யாராவது பார்த்துவிட்டு, “என்னம்மா, திரும்பி வந்த சோறா?” என்று கேட்டால் சிரிப்பாள். அதைக் கேட்க வைப்பதற்காகவே அங்கே வைக்கிறாளோ என்று அவனுக்குச் சந்தேகம் உண்டு.

மூன்று மாதத்துக்கு முன்பு அவளுக்கு நுரையீரல் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. முடிந்தது.

கடைசி நாளில் கட்டிலருகே மாமியாரும் அவனும் மட்டும் இருந்தார்கள். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து அவள் ஏதோ சொன்னாள். மாமியாருக்கு ஒரு காது மந்தம். அவர் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்: பத்தலை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குக் கையும் காலும் வைத்துச் சொன்னார். “வாழ்ந்தது பத்தலைன்னு சொல்லிட்டுப் போயிட்டா என் பொண்ணு.” கேட்டவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். பிறகு அவனைப் பார்ப்பார்கள். அவளுக்குப் பத்தாமல் போனது எது என்று அவன் முகத்தில் தேடுவதுபோல இருக்கும்.

அவனுக்கு அவள் சொன்னது முழுதும் கேட்டது. அதில் ஏழு என்ற எண் வந்தது, கால் என்ற சொல் வந்தது. கட்டில் காலா, மேசைக் காலா? எந்தச் சாமானுக்கு ஏழு கால் இருக்கிறது? காய்ச்சல் பிதற்றல் என்று விட்டுவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. மாமியாரின் சொல்லே ஊருக்கு நிலைத்தது. நாளாக நாளாக, பத்தாமல் போனது தானாக இருக்குமோ என்று அவனுக்கே தோன்றத் தொடங்கியிருந்தது.

அன்று மாலை பள்ளி விட்டுக் கடைக்கு வந்தபோது மூன்றாவது தட்டில் அந்த போர்டு இருந்தது. மைத்துனி சாப்பாட்டு டப்பாவைக் கீழே இறக்கி வைத்திருந்தாள்.

“நான்தான் அத்தான் குடுத்தேன்” என்றாள். “அக்கா ஆஸ்பத்திரியில இருந்தப்போ இது கவருக்குள்ள ‘முடிந்தவை’ தட்டுல இருந்துச்சு. அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பாத்தேன். ஓடுச்சு. குடுத்துட்டேன். அக்கா முடிச்சதை யாரு அரை மணி நேரம் ஓட்டிப் பாப்பாங்க?”

“சரி பண்ணிடலாம்ல?”

“பண்ணாம?”

மூன்று நாள் முயன்றாள். மோட்டாரை ஓட்டும் பெரிய ஐசி சில்லுக்கு ஒரே வரிசையில் பதின்மூன்று கால்கள். பதின்மூன்றையும் ஒன்றுவிடாமல் புதிதாகச் சூடுகாட்டி ஈயம் தொட்டாள். சந்தேகப்பட்ட இரண்டு உறுப்புகளை மாற்றினாள். ஓடும். அரை மணி ஆனதும் நிற்கும். மூன்றாம் நாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் போட்டாள்.

“புது போர்டு வாங்கிக்கச் சொல்லிடலாம் அத்தான். அக்கா பேருக்கு ஒரு கரும்புள்ளி. என்ன பண்றது, நிலாவுக்கும்தான் இருக்கு.”

“வேண்டாம்” என்றான்.

அவன் அப்படி உறுதியாக ஒன்றைச் சொல்லி மூன்று மாதம் ஆகியிருந்தது. மைத்துனி நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்கே காரணம் சொல்லத் தெரியவில்லை. போனவளின் முகம் சில நாள் நினைவுக்கு வருவதில்லை; குரல் மங்குகிறது. ஆனால் அந்தம்மா கை வைத்தால் திரும்பி வராது என்று நாலு பேர் சொல்கிறார்கள். அது இன்னும் உயிரோடு இருந்தது. அதையும் கைவிட அவனுக்கு மனமில்லை.

“நீங்க சரி பண்ணப் போறீங்களாக்கும்?”

தன் பழைய ரேடியோ போர்டை இழுத்துக்கொண்டான்.

அதுவும் ஒரு கதை. இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு மாலை, வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் கடையில் வந்து உட்கார்ந்தான். அவன் சும்மா உட்கார்ந்திருந்தது மைத்துனிக்குப் பொறுக்கவில்லை.

“கையக் கட்டிக்கிட்டு உக்காந்தா ஏதோ இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த மாதிரி இருக்கு அத்தான். இந்தாங்க.” குப்பைப் பெட்டியிலிருந்து செத்துப்போன ஒரு ரேடியோவின் போர்டை எடுத்துப் போட்டாள். “இதுல இருக்கறதையெல்லாம் கழட்டுங்க. கழட்டினதை மாட்டுங்க.”

“எனக்குத் தெரியாதே.”

“எட்டு வருஷமா போர்டுல சர்க்யூட் வரையறீங்க.”

“அது வேற போர்டு.”

“ஆமா. அதுல தப்பு பண்ணா டஸ்டர் இருக்கு. இதுல புகைதான் இருக்கு.”

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அன்றே நிரூபித்தான். சால்டரிங் அயர்னின் முனையில் ஈயக்கம்பியை உருக்கி, அந்தச் சொட்டை ஏந்திக்கொண்டு வந்து காலின்மேல் தடவினான். ஈயம் மணி மணியாக உருண்டு நின்றது.

“சுவத்துக்குப் பூசறீங்களா? ஈயத்தைத் தூக்கிட்டு வரக் கூடாது அத்தான். அது தானா வரணும். காலையும் அதைச் சுத்தி இருக்கற செம்பு வளையத்தையும் ஒண்ணா சூடாக்குங்க. ரெண்டு எண்ணுங்க. அப்புறம் கம்பியைக் காலுகிட்ட காட்டுங்க, அயர்ன்கிட்ட இல்ல. முதல்ல கம்பியை எடுங்க, அப்புறம் அயர்னை எடுங்க.”

“இந்த முனை சரியில்ல.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

இரண்டாம் நாள் விரலைச் சுட்டுக்கொண்டான். மூன்றாம் நாள் கட்டுப் போட்ட விரலோடு வந்தான். “சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் வராதும்பாங்க. இது ரோஷமுள்ள பூனை போல” என்று நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள்.

கழற்றுவது அதைவிடக் கடினம். பழைய ஈயம் உருகவே மாட்டேன் என்றது. அவன் அயர்னை வைத்து அழுத்த, செம்பு வளையம் தோல் உரிவதுபோலப் போர்டைவிட்டு உரிந்து வந்தது.

“அழுத்தாதீங்க. பழசு போகணும்னா முதல்ல கொஞ்சம் புதுசு சேக்கணும். புதுசு சேந்தாத்தான் பழசு இளகும். இளகினதும் பம்பை வெச்சு ஒரே உறிஞ்சல்.”

அவன் அயர்னைத் தாங்கியில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

“ஏன், பொடி வெச்சுப் பேசறியா?”

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ அத்தான்! நான் ஈயத்தைச் சொன்னேன்! சத்தியமா ஈயத்தைத்தான்!”

“பொடி வெச்சு ஊதறதே பத்தாசு வேலைதான். நகை செய்யறவங்க அப்படித்தான் ரெண்டு துண்டை ஒண்ணா சேப்பாங்க.”

“வாத்தியார் புத்தி போகாதே” என்றாள். அவன் சிரித்தான். அதற்கு முன் எப்போது சிரித்தான் என்று யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை.

இரண்டு மாதத்தில் ரேடியோ போர்டு நான்கு முறை காலியாகி நான்கு முறை நிரம்பியது. மைத்துனியிடம் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு பெயர் இருந்தது. அக்காவும் தங்கையும் சேர்ந்து வைத்த பெயர்கள். சொட்டாக நின்றால் ‘மணி.’ பக்கத்துக் காலோடு ஒட்டிக்கொண்டால் ‘சம்பந்தி.’ கருகினால் ‘தீபாராதனை’ என்று சொல்லி மணியாட்டுவதுபோலக் கையை ஆட்டுவாள். அவன் எல்லாப் பட்டத்தையும் வாங்கினான். பிறகு மெல்ல மெல்லப் பட்டங்கள் குறைந்தன.

புது போர்டு ‘வேண்டாம்’ என்று அவன் சொன்ன அந்த மாலையும் ரேடியோ போர்டில் ஒரு காலை மாட்டினான். சின்ன மலைபோல வழுவழுப்பாக நின்றது ஈயம். பளபளத்தது. தான் செய்ததிலேயே அழகானது அதுதான் என்று அவனுக்குப் பட்டது. போர்டைத் திருப்பி மைத்துனி பக்கம் நீட்டினான்.

அவள் லென்ஸை வைத்துப் பார்த்தாள். கொறடின் நுனியால் அந்தக் காலைத் தொட்டு மெல்ல அசைத்தாள். ஈயத்துக்குள்ளே கால் ஆடியது, பல் ஆடுவதுபோல.

“அழகா இருக்கு. ஆனா பத்தலை.”

அவன் கை அப்படியே நின்றது.

“என்ன சொன்ன?”

“பத்தலை. ஈயம் காலைப் பத்திப் பிடிக்கலை. மேல பாத்தா ஒட்டின மாதிரி இருக்கும், உள்ள பிடிச்சிருக்காது. ஏன், திட்டினேனா? இவ்வளவு நாள் உங்க தப்பெல்லாம் ஊருக்கே தெரியற தப்பு. இது கைதேர்ந்தவங்க பண்ற தப்பு. சந்தோஷப்படுங்க.”

“உங்க அக்காவும் அப்படித்தான் சொல்வாளா?”

“அவ சொல்லித்தான் நான் சொல்றேன்.”

அவன் எழுந்துபோய் மூன்றாவது தட்டிலிருந்து போர்டை எடுத்துவந்தான். விளக்கைக் கிட்டே இழுத்தான். பெரிய ஐசியின் கால்களை ஒரு முனையிலிருந்து எண்ணினான். மறுமுனையிலிருந்தும் எண்ணினான். பதின்மூன்றில் ஏழாவது நட்டநடுவில் இருந்தது. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அதேதான்.

“ஏழாவது கால்” என்றான். “இதுதான் பத்தலை.”

“எல்லாத்தையும்தான் மறுபடி தொட்டேனே.”

“எல்லாத்துக்கும் ஒரே முனை, ஒரே ரெண்டு எண்ணிக்கையா?”

“ஆமா.”

“இதைப் பாரு. மத்த காலுக்கெல்லாம் தலைமுடி மாதிரி தடம். ஏழாவது காலைச் சுத்தி மட்டும் இவ்வளவு அகலமா செம்பு. வாய்க்கால்ல ஊத்தற தண்ணியும் ஏரியில ஊத்தற தண்ணியும் ஒண்ணா? நீ குடுக்கற சூட்டையெல்லாம் இந்தச் செம்பு குடிச்சுடுது. மேல இருக்கற ஈயம் உருகுது. துளைக்குள்ள இறங்கறதுக்குள்ள உறைஞ்சுடுது. ஓடி ஓடிச் சூடானதும் கால் விரியுது, விட்டுடுது. ஆறினா திரும்பத் தொட்டுக்குது.”

வகுப்பில் பாடம் நடத்தும் குரல் அது. அந்தக் குரலும் மூன்று மாதம் எங்கோ போயிருந்தது. மைத்துனி லென்ஸை ஏழாவது காலின்மேல் வைத்தாள். கொறடால் அசைத்தாள். கால் மயிரிழை அளவுக்கு ஆடியது.

“எப்படித் தெரியும் உங்களுக்கு?”

“அவ சொன்னா.”

“எப்போ?”

“ஆஸ்பத்திரியில. எனக்குத்தான் அப்போ பாஷை தெரியல.”

அவள் கொறடைக் கீழே வைத்தாள். அக்கா முடிக்காமல், காய்ச்சலில் தட்டு மாற்றி வைத்ததை முடிந்ததென்று கொடுத்தது தான்தான் என்பது அவள் முகத்தில் ஓடியது. “என்னால இப்போ முடியாது அத்தான். நாளைக்குப் பண்றேன்.”

“நான் பண்றேன்.”

“வளையம் உரிஞ்சா போர்டு போச்சு. இது ரேடியோ இல்ல.”

“தெரியும்.”

அவள் தடுக்கவில்லை. தடுக்க அவளுக்குத் தெம்பில்லை என்பதும் ஒரு காரணம். தடித்த முனையை எடுத்து அயர்னில் மாட்டினான். ஏழாவது காலில் முதலில் கொஞ்சம் புது ஈயம் சேர்த்தான். பழையது இளகக் காத்திருந்தான். அழுத்தவில்லை. இளகியதும் பம்பை வைத்தான். ‘டக்’கென்று ஒரே உறிஞ்சல். போர்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான். காலைச் சுற்றித் துளை வழியாக வெளிச்சம் மெல்லிய வளையமாகத் தெரிந்தது. செம்பு உரியவில்லை.

பிறகு ஈயம் பிடிக்க உதவும் பசையைத் தொட்டு வைத்தான். தடித்த முனையைக் காலும் செம்பும் சேரும் இடத்தில் சாய்த்தான். இரண்டு எண்ணினால் போதாது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினான். ஐந்தில் கம்பியைக் காட்டினான். ஈயம் தயங்கியது. ஆறில் சட்டென்று, கூப்பிட்ட குரலுக்கு வருவதுபோலக் காலைச் சுற்றி ஓடித் துளைக்குள் இறங்கியது. கம்பியை எடுத்தான். அயர்னை எடுத்தான். மூச்சை விட்டான்.

போர்டைத் திருப்பினான். மறுபக்கத்தில், காலின் அடியில், ஈயம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மைத்துனி லென்ஸை வைத்தாள். அசைத்தாள். மறுபடி அசைத்தாள். கால் ஆடவில்லை.

“சொல்லேன்” என்றான்.

“என்ன சொல்றது? பத்திடுச்சு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “குரு கெட்டிக்காரி, அதான்.”

“யாரு, நீயா?”

“பின்ன, நீங்களா?”

விடுமுறை நாளில் மூன்று பேராகத் தையல் கடைக்குப் போனார்கள். மூன்று மாதமாக வாசல்படி தாண்டாத மாமியாரையும் மைத்துனி இழுத்துவந்திருந்தாள். “வீட்டுலயே உக்காந்து உப்பு மாதிரி கரையாதம்மா. மாப்பிள்ளை பண்ண வேலையை வந்து பாரு.” தையல்காரம்மா போர்டை மெஷினில் பொருத்தச் சொல்லிவிட்டு, தைக்க வேண்டிய திரைச்சீலைகளை மலையாகக் குவித்து வைத்தார்.

“நின்னுச்சுன்னா, உங்களை உக்காரவெச்சு மிதிக்கச் சொல்வேன்” என்றார் அவனிடம்.

ஓடியது. அரை மணி ஆனபோது எல்லோரும் மெஷினையே பார்த்தார்கள். நாற்பது நிமிடம். ஒரு மணி. மைத்துனி போர்டின் மேல்மூடியில் கை வைத்துப் பார்த்தாள், நன்றாகச் சுட்டது. மெஷின் ஒரு தையல்கூடத் தவறவில்லை. இரண்டாவது மணி முடிவதற்குள் திரைச்சீலை மலை பாதியாகிவிட்டது. அவன் சுவரோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். முதுகு நேராக இருந்தது.

“யாரு சரி பண்ணது?” தையல்காரம்மா கேட்டார்.

“அக்கா பண்ண வேலைதான்” என்றாள் மைத்துனி. “ஒரே ஒரு காலு பாக்கி இருந்துச்சு. அதை அத்தான் முடிச்சார்.”

“அப்போ திரும்பி வந்ததுன்னு நான் சொன்னது தப்பு. பாதியில போனதுன்னு சொல்லணும். நாலு பேர்கிட்ட சொன்னேன், அந்த நாலு பேர்கிட்டயும் மாத்திச் சொல்லிடறேன்.” மெஷினைப் பார்த்துத் தலையாட்டினார். “நல்ல கை. சின்ன வயசு, பாவம்.”

அந்த ‘பாவம்’ மாமியாருக்குப் போதும். முந்தானையைக் கண்ணுக்கு எடுத்துக்கொண்டார். “கடைசியா என் பொண்ணு என்ன சொன்னா தெரியுமாம்மா? வாழ்ந்தது பத்தலைன்னு...”

தையல்காரம்மாவின் பார்வையும் மற்றவர்களுடையதைப் போல அவன் பக்கம் திரும்பியது. இந்த முறை அவன் குனியவில்லை.

“அத்தை, அவ அப்படிச் சொல்லலை.”

தையல்காரம்மா மிதியிலிருந்து காலை எடுத்தார்.

“நீங்க கேட்டது ஒரு வார்த்தை. நான் முழுசா கேட்டேன். எனக்கு அர்த்தம் தெரியாததால சொல்லலை. அவ யாரையும் குறை சொல்லலை அத்தை. வேலையைத்தான் சொன்னா.”

“வேலையையா?” மாமியார் முந்தானையை இறக்கினார். “அந்த நேரத்துலயா? என்ன மாப்பிள்ளை சொன்னா?”

ஆண்டு விழா மேடையில் முதல் பரிசு வாங்குகிறவளின் பெயரை வாசிக்கும் குரலில், ஒரு சொல்லைக்கூட விடாமல், சேர்க்காமல் சொன்னான்:

“ஏழாவது காலு இன்னும் பத்தலை. அப்படியே குடுத்துடாதீங்க, நான் வந்து பாத்துக்கறேன்.”